கும்பாபிஷேக மலரும் அதற்குப் பணம் கொடுத்தவரும்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊரில் நகைக்கடையும் அதையொட்டியே சீட்டு, ஃபைனான்ஸும் நடத்தும் ஒருவர் இருக்கிறார். எந்தக் கோயிலில் திருப்பணி நடந்தாலும் உபயதாரர் பட்டியலில் முதல் பெயர் அவருடையது. போன மாதக் கும்பாபிஷேகத்துக்கு நாளிதழில் வந்த சிறப்புப் பக்கத்தில் மூலவர் படத்துக்குச் சமமான அளவில் அவர் படம், கீழே 'ஆன்மிகச் செம்மல்' என்று பட்டம். அதே கடையில் விற்பனைப் பிரிவில் நிற்கும் உங்கள் தங்கைக்கு உட்கார இருக்கை கிடையாது, இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. "இவரைப் பக்திமான் என்று எழுதப் பத்திரிகைக்காரர்களுக்கு மனசாட்சி இல்லையா, இதெல்லாம் வேஷம்தானே" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாக முடிச்சுப் போடப்பட்டிருக்கின்றன. அவர் பக்தி உண்மையா பொய்யா என்பது ஒன்று, அந்தப் பக்திக்கு ஊர் அறிய நற்சான்று எழுதிக் கொடுப்பது யார், எதற்காக என்பது இன்னொன்று. முதலாவதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. இரண்டாவதற்கு என்னால் ஓரளவு விவரமாகவே சொல்ல முடியும், ஏனென்றால் ஒரு தமிழ் நாளிதழின் மாவட்டப் பதிப்பில் பல வருஷம் செய்திப் பிரிவில் இருந்துவிட்டு, அப்புறம் சிறப்பிணைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மாற்றப்பட்டவன் நான். வழக்கறிஞர் அல்ல, கீழே சட்டம் பற்றி எழுதுவது வேலைக்காகப் படித்துத் தெரிந்துகொண்டது, வழக்கு என்று வந்தால் வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

பக்தி விஷயத்தை முதலிலேயே ஒதுக்கிவிடலாம் என்பது என் கருத்து. கூலி கொடுக்காதவர் மனப்பூர்வமாகக் கும்பிடக்கூடும். நம்மில் நிறைய பேருக்குக் கோயில் ஒரு கணக்கு, கடை வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும் என்றே தோன்றியிருக்காது. 'வேஷம்' என்று நீங்கள் சொன்னால் அவர் 'என் சாமியை நீ அளக்கிறாயா' என்று கேட்பார், ஊரில் பாதிப் பேர் அவர் பக்கம் நிற்பார்கள், சம்பளப் பாக்கி பேச்சே அமுங்கிப் போகும். நான் பார்த்தவரை இந்த மாதிரித் தகராறுகள் எல்லாம் இப்படித்தான் திசை மாறுகின்றன. ஆகவே நிரூபிக்க முடிந்ததைக் கேளுங்கள்: அந்தப் பக்கத்துக்குப் பணம் கொடுத்தது யார், அது விளம்பரம் என்று போட்டார்களா, சம்பளப் பதிவேடு எங்கே, சீட்டு பதிவு செய்யப்பட்டதா.

கும்பாபிஷேக மலர் எப்படி உருவாகிறது என்று வெளியே இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. தாலுகா அளவில் செய்தி அனுப்பும் நிருபர் பெரும்பாலும் பகுதி நேரக்காரர். மாதம் அவருக்குக் கிடைப்பது மிகச் சின்னத் தொகை. பல பத்திரிகைகளில் அவருடைய உண்மையான வருமானம் அவர் பிடித்துக்கொடுக்கும் விளம்பரத்தின் கமிஷன்தான். தீபாவளி மலர், ஆண்டு விழா மலர், பள்ளித் திறப்பு, அப்புறம் கும்பாபிஷேகம். தேதி குறித்ததுமே மாவட்ட அலுவலகத்திலிருந்து போன் வரும்: எத்தனை பக்கம் தேறும்? நிருபர் திருப்பணிக் கமிட்டியிடம் போய் உபயதாரர் பட்டியலை வாங்குவார். அந்தப் பட்டியல்தான் விளம்பரதாரர் பட்டியலும். ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி 'வாழ்த்துகிறோம்' கட்டங்களை விற்பார்கள். அகலத்துக்குக் 'காலம்' (பக்கத்தின் செங்குத்துப் பத்தி), உயரத்துக்குச் சென்டிமீட்டர் என்று விலை. அரைப் பக்கம் எடுத்தவருக்கு ஒரு கூடுதல் சலுகை உண்டு, தல வரலாற்றுக் கட்டுரைக்கு நடுவில் அவரைப் பற்றி இரண்டு பத்தி. அந்தப் பத்தி கடையிலிருந்தே எழுதி வரும், பட்டமும் சேர்த்து. 'ஆன்மிகச் செம்மல்', 'கொடை வள்ளல்' போன்ற பட்டங்களைப் பத்திரிகை யோசித்துக் கொடுப்பதில்லை. வந்ததில் எழுத்துப்பிழை மட்டும் பார்ப்போம்.

இதில் என்னைத் தொந்தரவு செய்வது காசு வாங்குவது அல்ல. விளம்பரம் இல்லாமல் நாளிதழ் ஓடாது, உள்ளூர்க் கடைக்காரர் கோயில் விழாவுக்கு வாழ்த்துச் சொல்வதில் எந்தத் தப்பும் இல்லை. பிரச்சினை, அந்த இரண்டு பத்திகள் செய்தியின் எழுத்துருவில், செய்தியின் பத்தி அகலத்தில், 'விளம்பரம்' என்ற சொல் இல்லாமல் வருவதுதான். சிறப்பிணைப்பின் ஏதோ ஒரு மூலையில் 'விளம்பரப் பகுதி' என்று பொடி எழுத்தில் இருக்கும், பல நேரம் அதுவும் இருக்காது. பத்திரிகைகளின் நடத்தையைக் கவனிக்கும் அமைப்பான பிரஸ் கவுன்சிலின் இதழியல் நடத்தை நெறிகள் இதில் தெளிவாக இருக்கின்றன: விளம்பரம் செய்தியிலிருந்து பிரித்தறியும்படி இருக்க வேண்டும், வெளியாகும் விளம்பரங்களுக்கும் ஆசிரியரே பொறுப்பு, பொறுப்பேற்க மாட்டேன் என்றால் அதை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வாசகர் காசு கொடுத்து வாங்குவது பத்திரிகையின் நம்பகத்தன்மையை. அதைப் பத்திரிகை இன்னொருவருக்குச் சென்டிமீட்டர் கணக்கில் வாடகைக்கு விடுகிறது. நீங்கள் கேட்ட பாசாங்கு என்ற சொல்லை நான் எங்காவது பயன்படுத்துவதாக இருந்தால் இந்த இடத்தில்தான் பயன்படுத்துவேன், அந்த நகைக்கடைக்காரர் விபூதி பூசுவதில் அல்ல.

இதன் விளைவு மலர் வந்த அன்று தெரியாது. ஆறு மாதம் கழித்து அதே கடை மேல் போலீசில் புகார் வரும். அப்போது செய்தி எப்படி வருகிறது என்று கவனியுங்கள்: 'பிரபல நகைக்கடை', 'தனியார் நிதி நிறுவனம்'. பெயர் இருக்காது. அதே பத்திரிகையில் அதே கடையின் திறப்பு விழாவுக்குப் பெயர், முகவரி, உரிமையாளரின் மகன் பெயர் வரை வந்திருக்கும். யாரோ மேலிடத்திலிருந்து போன் செய்து பெயரை எடுக்கச் சொன்னார்கள் என்று வாசகர்கள் நினைக்கிறார்கள். அப்படியும் நடக்கும், ஆனால் பெரும்பாலும் அது தேவைப்படுவதே இல்லை. இரவுப் பணியில் இருக்கும் உதவி ஆசிரியருக்கே தெரியும், இந்தப் பெயர் அச்சில் வந்தால் நாளைக்கு விளம்பரப் பிரிவிலிருந்து கேள்வி வரும் என்று. அவராகவே 'பிரபல' போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவார். உத்தரவு இல்லாமலே நடப்பதால் இதை நிரூபிப்பதும் கடினம், திருத்துவதும் கடினம்.

சாமி பெயரைச் சொல்லி விற்பதில் பத்திரிகைக்குச் சமபங்கு உண்டு என்பதற்கு அட்சய திருதியையை விடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. வளர்பிறைத் திருதியை, பெரும்பாலும் சித்திரையில் வருவது. மரபில் அந்த நாளின் அழுத்தம் தானத்தில்தான்: தண்ணீர்ப் பந்தல், தயிர்சாதம், விசிறி, குடை என்று வெயில் காலத்துக்கு வேண்டியதைக் கொடுப்பது. கும்பகோணத்தில் அன்றுதான் 12 கருட சேவை. சமணர்களுக்கு அது ரிஷபதேவர் நீண்ட உபவாசத்துக்குப் பிறகு கரும்புச்சாறு ஏற்ற நாள், வருஷம் முழுக்க ஒன்றுவிட்டு ஒருநாள் உபவாசம் இருந்தவர்கள் அன்று அதை முடிக்கிறார்கள். எல்லாமே கொடுப்பதையும் குறைத்துக்கொள்வதையும் சுற்றியது. ஒரு குண்டுமணியாவது தங்கம் வாங்கியே ஆக வேண்டும் என்ற வழக்கம் தமிழ்நாட்டில் இந்த அளவுக்குப் பரவியது கடந்த கால் நூற்றாண்டில், நகைக்கடை விளம்பரங்களும் அவற்றைச் சுமந்த பத்திரிகை இணைப்புகளும் வளர்ந்த அதே காலத்தில். 'அன்று வாங்கினால் செல்வம் பெருகும்' என்று ஜோதிடர் பெயரில் கட்டுரை, எதிர்ப்பக்கத்தில் செய்கூலி தள்ளுபடி விளம்பரம். நம்பி வாங்குகிறவரை நான் குறை சொல்லவில்லை. தங்கம் சேமிப்பாகவும் நிற்கிறது, ஹால்மார்க்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியீடும் பார்த்து வாங்கினால் நஷ்டம் பெரிதாக இருக்காது. ஆனால் அந்தக் கட்டுரைக்கு இடம் ஒதுக்கியவருக்கு, அது எதிர்ப்பக்க விளம்பரத்துக்காக எழுதப்பட்டது என்று தெரியும். வட்டிக்குக் கடன் வாங்கிக்கொண்டு அன்று வரிசையில் நிற்கும் ஒரு அம்மாவுக்குத் தெரியாது.

ராசிக்கல், தாயத்து, யந்திரம் விற்பவர்கள் விஷயத்தில் சட்டம் நீங்கள் நினைப்பதை விடக் கொஞ்சம் கடுமையானது. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய சிகிச்சைகள் சட்டம், தாயத்து, மந்திரம், கவசம் போன்றவற்றால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. முதல் தடவை ஆறு மாதம் வரை சிறை. தொலைக்காட்சிக்கு 1994ஆம் ஆண்டு கேபிள் விதிகள் இருக்கின்றன. ஒரு பொருளுக்கு நிரூபிக்க முடியாத அதிசய சக்தி இருப்பதாக நினைக்கவைக்கும் விளம்பரம் கூடாது என்று 7ஆம் விதி சொல்கிறது. 2021 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, அனுமன் பெயரில் யந்திரம் விற்ற தொலைக்காட்சி விளம்பரங்கள் சட்டவிரோதம் என்றே தீர்ப்புச் சொன்னது. அது மகாராஷ்டிரத்தின் 2013ஆம் ஆண்டு மாந்திரீகத் தடைச் சட்டத்தை வைத்து வந்த தீர்ப்பு. தமிழ்நாட்டில் அப்படியொரு தனிச் சட்டம் இல்லை, ஆகவே அந்தத் தீர்ப்பை இங்கே அப்படியே பொருத்திவிட முடியாது. வெறும் ராசிபலன், 'அதிர்ஷ்டம் வரும்' என்ற அளவில் நிற்கும் விளம்பரங்கள் 1954 சட்டத்துக்குள் வருமா என்பது சந்தேகம்தான். 'சர்க்கரை நோய் தீரும்', 'குழந்தைப் பேறு உறுதி' என்று வந்துவிட்டால் நிலைமை வேறு. அதிகாலையில் அரைமணி நேரம் ஸ்லாட் வாங்கி ஜோசியம் சொல்பவர்கள், சுகமளிக்கும் ஜெபம் நடத்துபவர்கள் இருவரும் சேனலுக்கு வாடகைதாரர்கள்தான். சேனலின் லோகோ மூலையில் தெரிவதால் பார்ப்பவர் அது சேனலின் சொந்த நிகழ்ச்சி என்று நினைக்கிறார். எந்த மதமாக இருந்தாலும் இந்த வியாபாரத்தின் அமைப்பு ஒன்றுதான்.

சட்டம் விளம்பரதாரரைப் பிடிக்கும் அளவுக்குப் பத்திரிகையைப் பிடிப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரம் கொடுத்தவருக்கும் அதில் தோன்றிய பிரபலத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் உண்டு. வெளியிட்டவர் 'வழக்கமான தொழில் முறையில் வெளியிட்டேன்' என்று காட்டினால் தப்பித்துவிடலாம், அந்த விளம்பரத்தை நிறுத்தச் சொல்லி ஆணை வந்தது தெரிந்தும் வெளியிட்டிருந்தால் ஒழிய. மருந்துகளைப் பற்றித் தவறான விளம்பரம் செய்த பதஞ்சலி நிறுவனத்தின் வழக்கில் 2024இல் உச்ச நீதிமன்றம் கோபப்பட்டது, 67 நாளிதழ்களில் மன்னிப்பு வந்தது, மன்னிப்பு விளம்பரம் பழைய விளம்பரங்களின் அளவுக்கு இருந்ததா என்று நீதிபதிகள் கேட்டார்கள். அந்த மன்னிப்பும் காசு கொடுத்துப் போட்ட விளம்பரமாகத்தான் வந்தது. காவி உடுத்திய பாபா ராம்தேவின் முகத்தைப் பார்த்து மருந்து வாங்கியவர்களுக்கு, அந்த முகத்தை வருஷக்கணக்கில் அச்சிட்டுக் காசு பார்த்த பத்திரிகைகள் என்ன பதில் சொன்னன என்று நானும் தேடிப் பார்த்தேன், ஒரு தலையங்கம்கூட என் கண்ணில் படவில்லை.

உங்கள் ஊர்க்காரர் சீட்டும் நடத்துகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதில்தான் அதிகக் கவலை. சம்பளப் பாக்கி வைத்துக்கொண்டு விழாச் செலவு செய்கிறவர் கையில் ஊர்ப் பணம் இருந்தால் அது எச்சரிக்கை மணி. தப்பு நடந்துவிட்டது என்று சொல்லவில்லை, பார்க்க வேண்டிய இடம் என்கிறேன். மதத்தின் பெயரால் சேர்ந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பெங்களூரின் ஐஎம்ஏ நிறுவனத்தைப் பாருங்கள். வட்டி இல்லாத, மார்க்கத்துக்கு உட்பட்ட முதலீடு என்று சொல்லிப் பெரும்பாலும் நடுத்தர முஸ்லிம் குடும்பங்களிடம் பணம் வாங்கினார்கள், நகைக்கடையும் வைத்திருந்தார்கள். 2019 ஜூனில் உரிமையாளர் துபாய்க்குப் போன பிறகுதான் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன, வழக்கு சிபிஐ கைக்குப் போனது. வட்டி பாவம் என்று ஒதுங்கியவர்களுடைய ஒழுக்கமே அவர்களை ஏமாற்றப் பயன்பட்டது என்பதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. இந்து, கிறிஸ்தவ வட்டாரங்களிலும் இதே முறைதான், கோயில் கமிட்டியிலோ சபையிலோ பக்கத்தில் உட்கார்ந்தவர் என்பதே ஜாமீன் ஆகிவிடுகிறது.

ஆகவே அந்தச் சீட்டைப் பற்றிச் சிலவற்றை உறுதி செய்யுங்கள். 1982 சீட்டு நிதிச் சட்டப்படி ஒவ்வொரு சீட்டும் பதிவுத்துறையில் பதிவாகியிருக்க வேண்டும், கேட்டால் எண் காட்ட வேண்டும். நகைச் சேமிப்புத் திட்டங்கள் பெரும்பாலும் 11 மாதத்தில் முடிவதற்குக் காரணம் இருக்கிறது: பொருளுக்கு வாங்கிய முன்பணம் 365 நாளுக்குள் பொருளாகத் திரும்பாவிட்டால் நிறுவனச் சட்ட விதிகளின்படி அது டெபாசிட் ஆகிவிடும். இரண்டு வருஷம், மூன்று வருஷம் வைத்தால் இவ்வளவு கிடைக்கும் என்று சொல்லித் துண்டுச் சீட்டில் ரசீது கொடுத்தால் விலகிவிடுங்கள், ரிசர்வ் வங்கியின் 'சசேத்' தளத்தில் புகார் கொடுங்கள். 2019இல் வந்த ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டத்தில் பத்திரிகைகளுக்கும் ஒரு பிரிவு உண்டு, செய்தித் துறையில் இருப்பவர்களுக்கே இது அவ்வளவாகத் தெரியாது. அப்படிப்பட்ட திட்டத்துக்கு ஆள் சேர்க்கும் விளம்பரமோ தகவலோ ஒரு பத்திரிகையில் வந்திருந்தால், அதே விதத்தில் அதே இடத்தில் இலவசமாக மறுப்பு வெளியிடும்படி அரசு உத்தரவிடலாம்.

வியாபாரத்தில் சாமி இருக்கவே கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். கல்லாவுக்கு மேல் பிள்ளையார் படம், புதுக்கணக்குக்கு மஞ்சள் குங்குமம், இதெல்லாம் நம் கடைத்தெருவின் இயல்பு. நகரத்தாரும் நாடார்களும் மகமை என்று வியாபாரத்தில் ஒரு பங்கை ஒதுக்கிவைத்தார்கள். விருதுநகரில் அந்த மகமைப் பணத்தில் கோயில் மட்டுமல்ல, பள்ளிக்கூடங்களும் எழுந்தன. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது, அது ஊர்ப் பொதுப் பணம், கணக்கு உறவின்முறை என்ற சமூக அமைப்புக்குச் சொல்லப்பட வேண்டியது என்பதுதான். யார் வேண்டுமானாலும் எழுந்து 'செலவு என்ன ஆச்சு' என்று கேட்க முடிந்த தர்மம் அது. இன்றைய அரைப்பக்க உபயத்தில் அந்தக் கேள்விக்கே இடம் இல்லை, கொடுத்தவர் பெயர்தான் இருக்கிறது.

உங்கள் தங்கை விஷயத்துக்கு வருகிறேன். இருக்கை கேட்பது சலுகை அல்ல. 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் எல்லோருக்கும் உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறார்கள், ஜவுளிக்கடை, நகைக்கடைப் பெண்களை மனதில் வைத்தே வந்த திருத்தம் அது. சம்பளப் பாக்கிக்கும் இருக்கைக்கும் சேர்த்தே மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுக்கலாம். சம்பளம் வங்கியில் வந்த மாதங்களின் பதிவு, அடையாள அட்டை, வருகைக் குறிப்பு, வாட்ஸ்அப்பில் கடை மேனேஜர் அனுப்பிய நேர அட்டவணை எல்லாவற்றையும் முதலில் நகல் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். புகாரில் கும்பாபிஷேகத்தைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். அங்கே அது தேவையில்லை, அவருக்குத்தான் அது உதவும். இணையத்தில் கடையின் பெயரைப் போட்டு எழுதுவதையும் புகார் பதிவாகும் வரை தள்ளிப்போடுங்கள், அவதூறு வழக்கு என்று ஒன்று வந்தால் உங்கள் தங்கையின் பாக்கியை விட அதற்கு அதிகச் செலவாகும்.

பத்திரிகைக்குத் தனியாக எழுதுங்கள். நிருபருக்கு அல்ல, அவர் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி, அவர்மேல் கோபப்பட்டுப் பயன் இல்லை. ஆசிரியர் பெயருக்கு, பதிவுத் தபாலில். இன்ன தேதி, இன்ன பதிப்பு, இன்ன பக்கத்தில் வந்த இந்தப் பத்தி செய்தியா விளம்பரமா, விளம்பரம் என்றால் ஏன் குறிப்பிடவில்லை என்ற ஒரே கேள்வி போதும். பதில் வராவிட்டாலோ மழுப்பலாக வந்தாலோ, பக்கத்தின் நகலோடு பிரஸ் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். நாளிதழ் என்றால் வெளியான நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் அனுப்ப வேண்டும், ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகலும் இணைக்க வேண்டும். கவுன்சிலால் அபராதம் போட முடியாது, எச்சரிக்கவும் கண்டிக்கவும் மட்டுமே முடியும், அதுவும் மெதுவாக நடக்கும். ஆனாலும் எழுதுங்கள் என்றே சொல்வேன், ஏனென்றால் நான் இருந்த அலுவலகத்தில் வாசகர் கடிதம் ஒன்று இந்தக் கேள்வியோடு வந்த பிறகு, அடுத்த மலரிலிருந்து ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'விளம்பரச் சிறப்புப் பகுதி' என்று பெரிய எழுத்தில் போட ஆரம்பித்தார்கள். உங்கள் ஊர் மலர் போன மாதம் வந்தது என்கிறீர்கள். கடிதத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.